தவறணை, தேநீர்க்கடை, கபே: மூடுதலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

லாச்சப்பல் மெற்றோவிலிருந்து கார் டு நோர் பக்கமாக இறங்கும் வழியில் ஒரு கபே இருக்கிறது. பெயரை இங்கு எழுதவில்லை. அங்கே போய்வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ஒரு பக்கம் புடவைக்கடை, மறுபக்கம் பலசரக்குக்கடை, நடுவில் ஆறு மேசைகளும் நீளமான ஒரு கவுன்ரரும். முதலாளி அல்ஜீரியாவின் கபீலி மலைப் பகுதியைச் சேர்ந்தவர். வயது எழுபதைக் கடந்துவிட்டது. பிள்ளைகள் கடையை ஏற்க விரும்பாததால் குத்தகை உரிமையை விற்கப்போகிறார். வாங்க முன்வந்திருப்பவர் எங்களவர். நகைக்கடை போடப்போவதாகக் கேள்வி. தெருவில் குடியிருக்கும் சில பிரெஞ்சுக்காரரும் ஓரிரு அல்ஜீரியரும் சேர்ந்து, மாநகரசபை தலையிட்டு அந்த இடத்தைக் கபேயாகவே பேணவேண்டும் என்று கேட்டு ஒரு மனு தயாரித்திருக்கிறார்கள். தமிழர்களிடம் கையெழுத்து வாங்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது.

முதலாவதாக நான் கேட்டது நீண்டகால நண்பர் ஒருவரிடம். எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து பழக்கம். மனுவை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, ஊரில கள்ளுக்கடையை மூடச்சொல்லித்தான் கையெழுத்து வாங்கிறவை. நீங்கள் இஞ்ச வந்து குடிக்கடையைக் காப்பாத்தவோ வாங்கிறியள்?" என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆனால் கையெழுத்து வைக்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு வரலாற்று உண்மை அடங்கியிருக்கிறது. தமிழ் அரசியலில், அது யாழ்ப்பாணமாயினும் சரி தமிழ்நாடாயினும் சரி, குடிக்கும் இடம் குறித்து எங்களிடம் இருந்து வந்திருப்பது ஒரே ஒரு கோஷந்தான்: மூடு. இடதுசாரி, வலதுசாரி, தேசியவாதி, சைவர், கிறிஸ்தவர் என எல்லோரும் உடன்பட்ட மிகச் சில விடயங்களில் இதுவும் ஒன்று. இப்படியான ஓர் இடத்தை மூடவிடாமல் பாதுகாப்பது ஓர் அரசியல் கடமையாக இருக்கமுடியும் என்பது எங்கள் சிந்தனைக்கு எட்டாத ஒன்று. நாங்கள் வாழ வந்த நாடுகளிலோ அது சட்டமாகவும் மாநகரசபைத் தீர்மானமாகவும் பாராளுமன்ற வாக்கெடுப்பாகவும் இருக்கிறது. இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? மூடுதல் என்ற செயலை யார், யாருக்கெதிராகச் செய்தார்கள் என்று பார்த்தால் விளங்கும் என நினைக்கிறேன். மதுவின் நன்மை தீமை பற்றி நான் எழுதவரவில்லை. பொதுவிடத்தில் உட்கார யாருக்கு இடமுண்டு என்பதே என் கேள்வி.

*

லாச்சப்பல் ஒரு குடிக்கும் இடமாகவே வரலாற்றில் தோன்றியது என்றால் எங்கள் வர்த்தகர்கள் கோபிக்கக்கூடும். 1780களில் பாரிசைச் சுற்றி ஒரு வரிச்சுவர் எழுப்பப்பட்டது. நகருக்குள் வரும் வைனுக்கும் பிற பண்டங்களுக்கும் வரி அறவிடுவதே அதன் நோக்கம். சுவருக்கு வெளியே இருந்த கிராமங்களில் அந்த வரி இல்லை, ஆகவே வைன் மலிவு. லாச்சப்பல் அப்படியான ஒரு கிராமம். ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிசின் தொழிலாளர் சுவரைத் தாண்டி வந்து குடித்து ஆடிவிட்டுப் போனார்கள். 1860 ஜனவரி முதலாந் திகதி இக்கிராமங்கள் பாரிசுடன் இணைக்கப்பட்டன, சுவரும் இடிக்கப்பட்டது. இன்று நாம் ஏறி இறங்கும் இரண்டாம் இலக்க மெற்றோ, அந்தச் சுவர் நின்ற வழியேதான் தூண்களின் மேல் ஓடுகிறது. அடுத்த நிலையமான ஸ்ராலின்கிராட்டில் தெரியும் வட்டக் கட்டடம் அன்றைய சுங்கச்சாவடிகளில் ஒன்று.

பக்கத்துத் தெருக்களான கூத் டோரில்தான் எமில் சோலா 1877 இல் நூலாக வெளியிட்ட 'லாசொம்வார்' நாவல் நிகழ்கிறது. சலவைத் தொழிலாளியான ஜெர்வேஸ் குடியால் அழிவது அதன் கதை. குடிக்கெதிரான பிரசங்கமாக அதனைப் படித்தவர்கள் உண்டு. வறுமைதான் குடிக்குத் துரத்துகிறது என்று படித்தவர்களும் உண்டு. என்னைப் பொறுத்தவரை கவனிக்கவேண்டியது வேறொன்று. அந்நாவல் வெளிவந்த காலத்தில் பிரெஞ்சு அரசு தொழிலாளர் கபேக்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது. அந்தப் பயம் மதுவைப் பற்றியது அல்ல.

1851 டிசம்பர் 2 இல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவிழ்த்தான். அதே மாதம் 29 ஆந் திகதி வந்த ஆணை, எந்தக் கபேயும் அரச அதிகாரியின் முன்னனுமதி இன்றித் திறக்கப்படலாகாது என்றது. பொதுப் பாதுகாப்பின் பேரால் எந்தக் கபேயையும் நீதிமன்றம் செல்லாமலே மூடும் அதிகாரத்தையும் அவ்வதிகாரிக்குக் கொடுத்தது. சபை கூடுதலுக்கும் பத்திரிகைக்கும் தடை இருந்த காலத்தில், கூலிகள் கூடிப் பேச மிஞ்சியிருந்த ஒரே கூரை கபேதான். பத்திரிகையை ஒருவன் வாசிக்கப் பத்துப்பேர் கேட்டார்கள். 1871 இல் பாரிஸ் கொம்யூன் நசுக்கப்பட்ட பின்னர் பழி கபேக்களின் மேலும் போடப்பட்டது. 1873 இல் பொதுவிடத்தில் வெறியுடன் நடமாடுவது குற்றமாக்கப்பட்டது. 1877 நெருக்கடியின்போது குடியரசுவாதிகள் கூடும் கபேக்கள் பரவலாக மூடப்பட்டன. தேர்தலில் வென்று அதிகாரத்தை உறுதிப்படுத்திக்கொண்ட குடியரசுவாதிகள் 1880 ஜூலை 17 இல் சட்டமியற்றி 1851 இன் ஆணையை ஒழித்தார்கள். முன்னனுமதி இல்லை, அறிவித்தல் கொடுத்தால் போதும். முதலாவது தேசிய தினமான ஜூலை 14 கொண்டாடப்பட்டு மூன்றே நாட்களின் பின் வந்த சட்டம் இது. கபேக்குக் கிடைத்த அரசியல் ஆதரவு என்பது பிரான்சில் இப்படித் தொடங்குகிறது. தங்களை வளர்த்த திண்ணைக்கு ஓர் அரசியல் இயக்கம் செலுத்திய கடன் அது.

அதன் பின் கடைகள் பெருகின என்பதும் உண்மை, குடி பெருகியது என்பதும் உண்மை. முதல் உலகப்போரின்போது 1915 இல் அப்சந்த் தடைசெய்யப்பட்டது, புதிய மதுக்கடைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. நாலாம் தர லைசன்ஸ் எனப்படும் முழு மது உரிமம் இன்று பொதுவாகப் புதிதாகக் கொடுக்கப்படுவதில்லை. இருப்பதை வாங்கலாம், இடம் மாற்றலாம். ஐந்து ஆண்டுகள் பாவிக்காவிட்டால் அது செத்துவிடும். எங்கள் கபே நகைக்கடையானால் நடக்கப்போவதும் அதுதான், அல்லது உரிமம் வேறெங்காவது பணக்கார வட்டாரத்துக்கு விற்கப்படும்.

*

பாரிஸ் கபே என்பது பெரும்பாலும் அகதியும் கூலியும் நடத்திய கடை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவேர்ன் மலைகளிலிருந்து வந்தவர்கள் வீடுவீடாகத் தண்ணீர் சுமந்தார்கள், பின்னர் விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு மூலையில் மனைவி வைன் ஊற்றிக் கொடுத்தாள். அவர்களைக் கேலியாக 'பூஞ்ஞா' என்றார்கள். கரி பிடித்த கைகளும் புரியாத பேச்சும் பாரிஸ்காரருக்கு நகைப்பாக இருந்தது. 1882 இலிருந்து தங்களுக்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். ஊர்ச்சங்கம், சீட்டு, ஊரவனுக்கு வேலை, ஊரிலிருந்து மணப்பெண் என்று வாசித்துக்கொண்டு போகையில் எனக்குப் பல இடங்களில் சிரிப்பு வந்தது.

அவர்களுக்குப் பின் அந்தக் கவுன்ரர்களுக்குப் பின்னால் நின்றவர்களில் பெருந்தொகையினர் கபீலியர். கீழே கபே, மேலே அறைகள். ஓர் அறையில் நாலைந்து பேர், முறைவைத்துப் படுக்கை. ஊருக்குப் பணம் அனுப்புவது, கடிதம் வாசித்துக் காட்டுவது, இறந்தவன் உடலை அனுப்பக் காசு சேர்ப்பது எல்லாம் கீழே. 1926 இல் பாரிசில் தோன்றிய 'வட ஆபிரிக்க நட்சத்திரம்' என்ற விடுதலை அமைப்பு வளர்ந்தது இத்தகைய கபேக்களில்தான். 1954 இல் விடுதலைப்போர் தொடங்கிய பின் இதே கபேக்களில் இயக்க வரி சேர்க்கப்பட்டது. ஒரே விடுதலையைக் கேட்ட இரு இயக்கங்கள், எஃப்எல்என் என்பதும் எம்என்ஏ என்பதும், பாரிசின் கபேக்களில் ஒருவரையொருவர் சுட்டுத்தள்ளின. எஃப்எல்என் தன் மக்களுக்கு மதுவையும் புகையிலையையும் தடைசெய்தது. ஆக, கபே முதலாளிக்கு ஒருபுறம் பொலிஸ், மறுபுறம் இரண்டு இயக்கங்கள்.

1961 அக்டோபர் 5 ஆந் திகதி பாரிஸ் பொலிஸ் அதிபர் மொரிஸ் பப்போன் வெளியிட்ட அறிவித்தலில், இரவு எட்டரையிலிருந்து காலை ஐந்தரை வரை அல்ஜீரியர் தெருவில் நடமாட வேண்டாம் எனச் சொல்லப்பட்டது. அதே அறிவித்தலில் இன்னொரு வாசகமும் இருந்தது: அல்ஜீரிய முஸ்லிம்கள் நடத்துவதும் கூடுவதுமான குடிகடைகள் நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு மூடப்படவேண்டும். இந்த ஊரடங்கை எதிர்த்துத்தான் அக்டோபர் 17 ஊர்வலம் நடந்தது. அன்றிரவு பொலிஸ் செய்த கொலைகளை நாம் அறிவோம். பிணங்கள் சேன் ஆற்றில் மிதந்தன. ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசுபவர்கள், அதற்குக் காரணமான ஆணையின் பாதி கபேயை மூடுவது பற்றியது என்பதை அதிகம் நினைவுகூர்வதில்லை. பத்து ஆண்டுகள் பப்போன்களும் இயக்கங்களும் விட்டுவைத்த ஒரு கடையை இன்று சதுர மீற்றர் விலை மூடுகிறது.

1985 இல் நான் இங்கு வந்தபோது இருந்த நிலைமையை நம்மவர்களுக்கு விபரிக்கத் தேவையில்லை. ஒரே அறையில் எட்டுப்பேர், இரவு வேலைக்குப் போனவன் படுக்கையில் பகல் வேலைக்காரன். அறைக்கு ஆள் வந்தால் நிற்கவும் இடமில்லை. ஒரு எக்ஸ்பிரஸோ கோப்பி வாங்கினால் மூன்று மணிநேரம் உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள் என்பதை அறிந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அகதி மனுவுக்கான என் கதையைப் பிரெஞ்சில் எழுதித்தந்தவர் அந்தக் கபேயின் மூன்றாவது மேசையில் இருந்துதான் எழுதினார். எங்கள் முதலாவது சஞ்சிகையின் பக்கங்கள் அங்குதான் வெட்டி ஒட்டப்பட்டன. கோந்து சிந்திய மேசையை முதலாளி தானே துடைத்தார். 1994 மே முதலாந் திகதி சபாலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்ட பின் சில மாதங்கள் நாங்கள் அங்கு போகவில்லை. போகத் தொடங்கியபோது கதவைப் பார்த்தபடி இருக்கும் கதிரையைத் தெரிந்தெடுக்கப் பழகிக்கொண்டோம். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய மாமனாரின் கபேயிலும் ஒருகாலத்தில் எல்லோரும் கதவைப் பார்த்துத்தான் இருந்தார்களாம். இதை அவர் என்னிடம் சொன்னது பத்து வருடங்கள் கழித்து.

*

இனி ஊருக்கு வருவோம். போர்த்துக்கேயச் சொல்லான 'தவெர்ணா' எங்களிடம் தவறணை ஆயிற்று. பிரித்தானியர் அதை வரிவசூல் பொறியாக்கினார்கள். குத்தகைக்காரரின் லாபமும் அரசின் வருமானமும் ஏறின. அதை எதிர்த்த மதுவிலக்கு இயக்கம் நியாயமான ஒரு காலனிய எதிர்ப்பாகவும் இருந்தது என்பதை மறுக்கமுடியாது. 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்துக்குப் பின் வந்த விதிகளின்படி, ஒரு பகுதி மக்கள் வாக்களித்துத் தங்கள் தவறணையை மூடலாம் என்றாயிற்று. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இலங்கையின் பல பகுதிகளில் அப்படி மூடினார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரும் சைவப் பெரியார்களும் வாலிப காங்கிரஸ்காரரும் இவ்விடயத்தில் ஒரே மேடையில் நின்றார்கள்.

அந்த மேடையில் நிற்காதவர்கள் மரத்தில் நின்றார்கள். சீவல் தொழில் செய்தவர்கள் நளவரும், ஓரளவு பள்ளரும். தவறணை மூடப்பட்ட இடங்களில் மரவரி கட்டிவிட்டு மரத்தடியிலேயே விற்பது என்ற முறை வந்தது. குடிப்பவர்கள் குறையவில்லை, குடிக்கும் இடம் மட்டும் மறைந்தது. பனையோலையில் கோலிய பிளாவில் வாங்கி வேலியோரம் குந்தியிருந்து குடித்துவிட்டுப் போனார்கள். கூடத்துக்கு உரியவர்கள் வீட்டுக்கு எடுப்பித்தார்கள். இதிலே எங்கள் சாதியத்தின் விசித்திரம் ஒன்று உண்டு. நளவனின் கையால் கள்ளு வாங்கலாம், தண்ணீர் வாங்கலாகாது. அவன் முட்டியிலிருந்து குடித்த வாய், அவன் கிணற்றில் குடித்தால் தீட்டுப்பட்டுவிடும்.

தேநீர்க்கடையில் இந்த விதி மறுபக்கம் திரும்பியது. அங்கே ஊற்றுபவர் மேல்சாதி, குடிக்க வருபவன் ஒடுக்கப்பட்டவன். ஆகவே அவனுக்குப் போத்தல், அல்லது தகரப்பேணி, அல்லது சிரட்டை. வாங்கில் இல்லை, நிலம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, கடதாசியில் இருந்தது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க்கடைப் பிரவேசத்தைத் தொடங்கியது. 1966 அக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும், சங்கானையிலும் நிச்சாமத்திலும் சாவகச்சேரியிலும் நடந்தவையும் நமது வாசகர்கள் அறிந்தவை. அப்போராட்டத்தில் உயிர்கள் போயின. எதற்காக? தேநீருக்காக அல்ல, அது போத்தலிலும் கிடைத்தது. வாங்குக்காக. அந்த நேரம் சில கடைக்காரர்கள் கண்ட உபாயமும் நினைவில் வைக்கத்தக்கது: வாங்குகளையும் கதிரைகளையும் அகற்றிவிட்டார்கள். எல்லோரும் நின்று குடியுங்கள். அதுவும் ஒருவகை மூடுதல்தான்.

1972 இல் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்டன. பின்னர் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் என்று பெயர் நீண்டது. மரவரி போயிற்று. தொழிலாளி கள்ளைச் சங்கத்துக்கு அளந்து கொடுத்தான், சங்கம் தன் தவறணையில் விற்றது. நான் அப்போது சின்னப் பையன். என் தகப்பனாரும் அந்தச் சங்கத்தில் ஓர் உறுப்பினர். இதை நான் எந்தச் சஞ்சிகையிலும் எழுதியதில்லை. முப்பத்தைந்து வருடமாகச் சாதியத்தைப் பற்றி எழுதிவருகிறேன், ஆய்வாளனின் தூரத்திலிருந்து. தோழர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தத் தவறணை ஓலைக்கொட்டில். தரை மணல். ஒரு மேசை, கொப்பி, அளக்கிற போத்தல். காலையில் தகப்பனார் முட்டியைக் கொண்டுவந்து அளக்கக் கொடுத்து, கொப்பியில் பதிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு எழுத்து வாசிப்பு குறைவு, இலக்கம் தெரியும். அதற்குமுன் கள்ளுக்கு விலை சொன்னவர்கள் குடித்தவர்கள். 'பிறகு தாறன்' என்பதே பாதி வருமானம். 1972 க்குப் பின் விலை சுவரில் எழுதியிருந்தது. மாலையில் அவர் வேலை முடிந்து உடம்பைக் கழுவிவிட்டு, தான் இறக்கிய கள்ளைக் காசு கொடுத்து வாங்கி, உறுப்பினர் என்ற உரிமையோடு அங்கே போடப்பட்டிருந்த ஒரு பலகையில் இருந்து குடிப்பார். அடுத்த பலகையில் வெள்ளாளர் இருந்தார்கள். ஒரே பலகையில் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் இருக்கும்போது எழும்பச்சொல்ல அங்கு யாராலும் முடியவில்லை. ஊரில் அவர் அப்படி உட்காரக்கூடிய வேறு பொதுவிடம் எதுவென்று யோசித்துப் பார்க்கிறேன். கோவில் இல்லை. வாசிகசாலை இல்லை. தபாற்கந்தோர் வாங்கில் இருந்திருக்கலாம், கடிதம் வந்தால்.

இந்தத் தவறணையை மூடச்சொல்லியும் மனுக்கள் போயின. ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்டார்கள். பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்பது காரணம். மரத்தடியில் விற்ற காலத்தில் அதே பாதையால் போன பிள்ளைகள் எப்படிக் கெடாமல் இருந்தார்கள் என்று தெரியவில்லை. என் நண்பர் "ஊரில மூடச்சொல்லித்தான் கையெழுத்து" என்றபோது எனக்கு நினைவு வந்தது அந்த மனு.

தமிழ்நாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1937 இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971 இல் கருணாநிதி தளர்த்தியது, பின் திரும்ப வந்தது, பின் போனது என்று ஒரு நீண்ட ஊஞ்சல். 1983 இல் டாஸ்மாக் என்ற அரச நிறுவனம் உருவானது. 2003 இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் ஏகபோகம். கள்ளோ 1987 இலிருந்து தடை. அதாவது ஆலை முதலாளியின் பிராந்திக்கு அரசே கடை வைத்திருக்கிறது, மரமேறியின் கள்ளுக்குச் சிறை. 2016 இலும் 2017 இலும் ஐந்நூறு ஐந்நூறு கடையாக மூடுவதாக அறிவித்தபோது அது பெரிய வாக்குறுதி நிறைவேற்றமாகக் கொண்டாடப்பட்டது. கம்பிவலைக்குள்ளால் போத்தலை நீட்டும் அந்தக் கடையை நான் பாதுகாக்கச் சொல்லமாட்டேன். அதில் உட்கார இடமில்லை, உரையாட இடமில்லை, வாங்குபவனுக்கு மரியாதையும் இல்லை. 2015 இல் மதுவிலக்குக் கோரிக் கோபுரத்தில் ஏறி உயிர்விட்ட சசிபெருமாளின் கோபமும், கடைகளை அடித்து நொறுக்கிய பெண்களின் கோபமும் முழுக்க நியாயமானவை.

*

பெண்கள் என்றதும் ஒரு மறுப்பை இங்கே பதிவுசெய்ய வேண்டும். மனுவைக் காட்டியபோது ஒரு தோழி, பெண்கள் சந்திப்புகளில் ஆரம்பகாலந்தொட்டு இயங்குபவர், கேட்டார்: "உங்கட கபேயில எத்தனை தமிழ்ப் பெண்கள் இருந்து கோப்பி குடிச்சிருக்கினம்? எண்ணிச் சொல்லுங்கோ." எண்ணினேன். என் ஞாபகத்தில் ஐந்து பேர், அதில் அவரும் ஒருவர். "அப்ப நீங்கள் காப்பாத்தச் சொல்லுறது ஆம்பிளையளின்ர திண்ணையை. சனிக்கிழமை இரவில அங்கயிருந்து வீட்டுக்குப் போறவன் என்ன செய்யிறானெண்டு கடைக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்."

இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. லாச்சப்பலில் பெண் தனியே கபேயில் உட்கார்ந்தால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவர்கள் எங்கள் ஆண்கள்தான். இந்த விடயத்தில் நாங்கள் அந்தத் தேநீர்க்கடைக்காரர்கள். எனது தகப்பனாருக்குக் கிடைத்த பலகை என் தாயாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். சில இரவுகளில் அவர் தவறணையிலிருந்து வந்த கோலத்தைத் தாயார்தான் தாங்கினார். ஆனால், தோழி சொன்னதிலிருந்து கபேயை மூடு என்ற முடிவு வருகிறதா, அல்லது பெண்களுக்கும் அங்கு கதிரை வேண்டும் என்ற முடிவு வருகிறதா? நகைக்கடையில் பெண்கள் உட்காரலாம், வாங்கும்வரை.

*

பிரித்தானியாவில் இதே பிரச்சினை பப் என்ற பெயரில் வந்தது. 1980 அளவில் அங்கே 70 ஆயிரத்தை அண்மித்த பப்கள் இருந்தன. இன்று 45 ஆயிரம் அளவில். பியர் விலை, வீட்டிலிருந்து குடிக்கும் பழக்கம், 2007 இன் புகைத்தடை என்று பல காரணங்கள். முக்கியமானது காணி விலை: பப்பைவிட அது நிற்கும் நிலம் பெறுமதி. 2011 இன் உள்ளூர்மயச் சட்டம், ஒரு கட்டடத்தைச் சமூகப் பெறுமதியுள்ள சொத்து என்று பதிவுசெய்ய அயலவர்களுக்கு வழிவகுத்தது. உரிமையாளர் விற்க முனைந்தால் ஆறுமாதம் காத்திருக்கவேண்டும், அதற்குள் அயலவர்கள் காசு சேர்த்து விலை கேட்கலாம். தென் லண்டன் நன்ஹெட்டில் உள்ள ஐவி ஹவுஸ் என்ற பப் 2012 இல் முதன்முதலாக அப்படிப் பதிவானது, 2013 இல் அயலவர்கள் பங்குபோட்டு அதை வாங்கினார்கள். பங்குதாரர் குடிகாரராயும் குடிகாரர் பங்குதாரராயும் இருப்பது என் தகப்பனாரின் சங்கத்தை நினைவூட்டியது.

2014 நவம்பரில் பப் நடத்தும் குத்தகைக்காரரைப் பெருங் கம்பனிகளிடமிருந்து பாதுகாக்கும் திருத்தம் ஒன்றை லிபரல் ஜனநாயகக் கட்சியின் கிரெக் மல்ஹோலண்ட் கொண்டுவந்தார். அரசாங்கம் எதிர்த்தது, 269 க்கு 284 என்று தோற்றது. 2017 இலிருந்து இங்கிலாந்தில் ஒரு பப்பை இடிக்கவோ கடையாக மாற்றவோ திட்டமிடல் அனுமதி கட்டாயம். ஒரு மதுக்கடைக்காக ஓர் அரசாங்கம் வாக்கெடுப்பில் தோற்பதை எங்கள் ஊரில் கற்பனை செய்து பாருங்கள்.

பிரான்சில் 1960 இல் ஏறத்தாழ இரண்டு லட்சம் கபேக்கள். 2010களில் 40 ஆயிரத்துக்கும் கீழ். கிராமங்களுக்காக 2019 இல் ஒரு சட்டம் வந்தது: 3,500 பேருக்குக் குறைந்த ஊர்களில் தற்காலிகமாகப் புதிய நாலாந்தர லைசன்ஸ் கொடுக்க அது அனுமதித்தது. பாரிசின் கருவிகள் வேறு. 2004 இலிருந்து மாநகரசபை ஒரு நிறுவனத்தின் மூலம் கீழ்த்தளக் கடைகளை விலைக்கு வாங்கித் தான் விரும்பும் தொழிலுக்கு வாடகைக்கு விட்டது. 2005 இன் சட்டம், குத்தகை உரிமை கைமாறும்போது முந்தி வாங்கும் உரிமையை உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்தது. எங்கள் மனு கேட்பது இந்த உரிமையைப் பாவிக்கும்படிதான்.

இங்கே எனக்கு ஒரு நெருடல் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. 2004 இன் திட்டத்தின் ஒரு நோக்கம் 'ஒற்றைத் தொழில்' ஆதிக்கத்தை உடைப்பது. பதினோராம் வட்டாரத்தில் அதன் பொருள் சீனர்களின் மொத்தத் துணிக்கடைகள். சதேன், பொப்பென்கூர் தெருக்களில் பழைய பேக்கரியும் கபேயும் போய்த் துணிக்கடைகள் வந்துவிட்டன என்ற முறைப்பாடு, வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு முறைப்பாட்டையும் தன்னுள் கொண்டிருந்தது. எங்கள் மனுவிலும் 'வட்டாரத்தின் பன்முகத்தன்மை' என்ற ஒரு சொற்றொடர் வருகிறது. அதைத் தமிழில் பெயர்த்தால் 'தமிழ்க்கடைகள் கூடிவிட்டன' என்றும் பெயர்க்கலாம். தயாரித்தவர்களிடம் இதைக் கேட்டேன். ஒருவர் முகம் சிவந்தார், ஒருவர் சிரித்தார். மூன்றாமவர், ஓய்வுபெற்ற அல்ஜீரிய மெற்றோத் தொழிலாளி, பேனையை எடுத்து அந்த வரியை வெட்டினார். இப்போது மனுவில் அது இல்லை.

நகைக்கடை போட வருபவரையும் நான் சந்தித்தேன். கெட்ட மனிதர் அல்ல. இரண்டு றெஸ்ரோரண்டுகளில் இருபது வருடம் கோப்பை கழுவிச் சேர்த்த காசு. "அண்ணை, நீங்கள் எழுத்தாளர், உங்களுக்குக் கதைக்க ஒரு இடம் வேணும். எனக்கு வங்கிக் கடன்" என்றார். கீழே கபேயை விட்டுவைத்தபடி மேல்மாடியை எடுக்கமுடியுமா என்று கேட்டேன். நகை வாங்க யார் மாடி ஏறுவார்கள் என்று திருப்பிக் கேட்டார், அதுவும் சரிதான். அவர் அந்தக் கபேயில் ஒருநாளும் இருந்ததில்லையாம். வேலை முடிய இரவு ஒரு மணி, கடைசி மெற்றோவுக்கு ஓடவேண்டும்.

மாநகரசபையின் பதில் வர இரண்டு மாதம் வரை ஆகும். மனு கவுன்ரரில், பியர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், நூல் கட்டிய பேனையோடு கிடக்கிறது. நான் கடைசியாகப் பார்த்தபோது நூற்றுக்கு மேல் கையெழுத்துகள். தமிழ்ப் பெயர்கள் நான்கு. தோழி வைத்திருக்கிறார், அருகே 'பெண்களுக்கும்' என்று பிரெஞ்சில் எழுதி. மற்ற இருவர் விலாசம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.